கிரேக்க வீரன் கதையா? சாவைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

பிள்ளைகளுக்குக் கிரேக்க வீரன் கதை சொல்ல உட்காரும் முன் ஒரு கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இவன் கடைசியில் எப்படிச் செத்தான்? அது தெரியாமல் தொடங்கினால் கதை பாதியிலேயே கார்ட்டூன் ஆகிவிடும். சிங்கத்தைக் கொன்றான், அரக்கனைக் கொன்றான், இளவரசியைக் கட்டிக்கொண்டான், சுபம். பிள்ளைகள் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மறுவாரம் கேட்டால் வீரனின் பெயர்கூட நினைவிருக்காது.

முடிவுகளைப் பாருங்கள். கடல் தாண்டிப் போய்த் தங்கக் கம்பளியைக் கொண்டுவந்த ஜேசன், வயதான காலத்தில் தன் பழைய கப்பலின் நிழலில் படுத்திருந்தபோது, உளுத்துப்போன மரக்கட்டை ஒன்று தலையில் விழுந்து செத்தான். மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனைக் கொன்ற தீசியஸ் அடைக்கலம் தேடி ஸ்கைரோஸ் தீவுக்குப் போனான். அந்தத் தீவின் அரசன் அவனைப் பாறை உச்சியிலிருந்து தள்ளிவிட்டான். பறக்கும் குதிரையில் ஏறிய பெல்லரபோன் தேவலோகத்துக்கே போகப் பார்த்து, கீழே விழுந்து, தன்னந்தனியாக அலைந்து திரிந்தான். ஹெராக்கிளிஸ் தன் மனைவி கொடுத்தனுப்பிய அங்கியால் வெந்தான். டிராய்ப் போர் முடிந்து ஒடிசியஸாவது வீடு போய்ச் சேர்ந்தானே என்றால், பிற்காலக் கதை ஒன்றில் அவன் பெற்ற மகனே, அப்பன் என்று தெரியாமல், திருக்கை முள் பொருத்திய ஈட்டியால் அவனைக் குத்திக் கொன்றுவிடுகிறான். திருக்கை என்றால் எங்கள் பிளாட்டுப் பிள்ளைகளுக்குச் சம்பல் தடவி வாழை இலையில் வாட்டிய மீன்தான். அதன் வாலில் விஷ முள் இருக்கிறது என்று சொன்ன அன்று ஒரு பையன் இரவுச் சாப்பாட்டில் மீனைத் தொடவில்லை என்று அவன் அம்மா வந்து என்னிடம் சண்டை பிடித்தார்.

நான் வாத்தியார் இல்லை. கப்பலில் எஞ்சின் ரூமில் எண்ணெய் போட்ட ஆள். ஓய்வுக்குப் பிறகு பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் பிளாட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கீழ்த்தளத்தில் பாய் விரித்து, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கிய கதைக்கு மற்ற வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் நான் கப்பல் தாத்தா. வேலை முடிந்து வரும் பெற்றோர் சிலர் மோட்டாரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று கேட்பார்கள். ‘நாங்களே வீட்டில் சொல்ல என்ன செய்யணும் ஐயா?’ என்று அவர்கள் கேட்டதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குரலை முதலில் பிடியுங்கள்

நான் பிறந்தது நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில். எங்கள் லயத்துக்குப் பின்னால் மரத்தடியில் மதுரை வீரன் கோயில். சுருட்டும் சேவலும் வைத்துக் கும்பிட்ட அந்தச் சாமி, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்துப்போன ஒரு மனிதன் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் செய்த சாகசமும் தெரியும், ஊர் அவனுக்குச் செய்த அநியாயமும் தெரியும். அநியாயமாகச் செத்ததால்தான் அவனுக்கு இவ்வளவு சக்தி, அதனால்தான் அவன் நம்மைக் காக்கிறான் என்று பாட்டி சொல்வார்.

கிரேக்கர்கள் தங்கள் வீரர்களைப் பார்த்ததும் ஏறக்குறைய இப்படித்தான். ஜீயஸ், ஹெரா, ஏதீனா எல்லாம் ஒலிம்பஸ் மலைமேல் இருக்கிற சாகாத சாமிகள். வீரர்கள் வேறு ரகம். அவர்கள் செத்தவர்கள். கல்லறை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்குக் காவல்; அந்த ஊர்க்காரர்கள் அங்கே போய்ப் பலி கொடுப்பார்கள். கி.மு. 475 வாக்கில் ஏதென்ஸ் தளபதி கிமோன் ஸ்கைரோஸ் தீவைப் பிடித்து, தீசியஸின் எலும்புகள் என்று சொல்லப்பட்டவற்றைத் தோண்டியெடுத்துக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். சவப்பெட்டிக்குள் சாதாரண ஆளைவிடப் பெரிய உடம்பு, பக்கத்தில் வெண்கல ஈட்டி, வாள் என்று பழைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஊரே திரண்டு பலி கொடுத்து, ஊர்வலமாக வரவேற்றது. மலையிலிருந்து தள்ளப்பட்டுச் செத்தவனுக்கு அத்தனை காலம் கழித்து நடந்த மரியாதை!

எனவே இராமன் கதை சொல்லும் குரலில் இவர்களைச் சொல்லாதீர்கள், எடுபடாது. ஹெராக்கிளிஸ் செய்ததை எல்லாம் நியாயப்படுத்த வேண்டிவரும், அது உங்களால் முடியாது. மதுரை வீரன், காத்தவராயன் கதை சொல்கிற குரலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இவன் பெரிய ஆள், பெரிய தப்பும் செய்தான், அவனுக்குப் பெரிய கொடுமையும் நடந்தது’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல இடம் தரும் குரல் அது.

தாளும் வரிசையும்

கடையில் மாஜோங் தாள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் குழு வேலைக்குச் சுவரில் ஒட்டுவார்களே, அதேதான். மார்க்கரால் நடுவில் கிரேக்கம், வலப்பக்கம் துருக்கிக் கரை, கீழே கிரீட் தீவு, இடப்பக்கம் இத்தாலியின் கால், வலப்பக்க மேல் மூலையில் கருங்கடல். அழகாக இருக்க வேண்டியதில்லை. மைசீனி, ஏதென்ஸ், டிராய், இத்தாக்கா, கருங்கடலின் கோடியில் கொல்கிஸ் என்ற ஐந்து பெயர் போதும். கொல்கிஸ் இருந்தது இன்றைய ஜார்ஜியா நாட்டுப் பக்கம். ஒவ்வொரு கதை முடிந்ததும் வீரன் செத்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். புள்ளி வைக்கும் உரிமைக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

வரிசை முக்கியம். நம் பிள்ளைகளுக்கு யார் யாருக்கு என்ன முறை என்பது தெரியாமல் கதை ஓடாது. பெர்சியஸை முதலில் வையுங்கள். ஹெராக்கிளிஸ் அவனுடைய கொள்ளுப்பேரன். ஹெராக்கிளிஸ், தீசியஸ், ஜேசன் மூவரும் ஒரே தலைமுறை. ஜேசனின் ஆர்கோ கப்பலில் ஏறியவர்களின் பிள்ளைகள்தாம் டிராய்ப் போருக்குப் போனவர்கள். அக்கிலிஸின் அப்பா பெலியஸ் அந்தக் கப்பலில் துடுப்புப் போட்டவர். அப்பன்மார் ஆர்கோவில், பிள்ளைகள் டிராயில். இந்த ஒரு வரியைத் தாளின் மேலே எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பெயர்களை நூறு விதமாக எழுதலாம். ஒரு எழுத்துமுறையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள், போதும். ஹெர்குலிஸ் என்று பிள்ளைகள் சொன்னால் திருத்த வேண்டாம். அது ரோமர்கள் வைத்த பெயர், ஆள் ஒன்றுதான்.

பெர்சியஸ்: கோலிக்குண்டும் எவர்சில்வர் தட்டும்

முதல் கதைக்கு இவனைவிட நல்ல ஆள் இல்லை. ஆர்கோஸ் அரசன் அக்ரிசியஸுக்குப் பேரன் கையால் சாவு என்று குறி சொல்லப்படுகிறது. மகள் டானேயை வெண்கல அறையில் அடைக்கிறான். ஜீயஸ் பொன்மழையாக உள்ளே இறங்குகிறான். (சின்னப் பிள்ளைகளிடம் ‘பொன்மழை பெய்தது, குழந்தை பிறந்தது’ என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள், கர்ணன் கதை கேட்டு வளர்ந்தவர்கள், துருவ மாட்டார்கள்.) தாயையும் பிள்ளையையும் பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். செரிபோஸ் தீவில் ஒரு மீனவன் வலையில் பெட்டி சிக்குகிறது. அந்தத் தீவின் அரசனுக்கு டானே மேல் கண். மகனை அப்புறப்படுத்துவதற்காக, மெதுசாவின் தலையைக் கொண்டுவா என்று அனுப்பி வைக்கிறான். அந்தத் தலையின் முகத்தைப் பார்த்தவன் கல்லாகிவிடுவான்.

வழியில் வரும் மூன்று கிழவிகளிடம் கதையை நிறுத்துங்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு கண், ஒரு பல். மாற்றி மாற்றி வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். மூன்று பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒருத்தி கையில் கோலிக்குண்டு, அதுதான் கண். குண்டு யார் கையில் இருக்கிறதோ அவள் மட்டும் கண்ணைத் திறக்கலாம். ‘அக்கா, கண்ணைக் கொடுங்க, யாரோ வர்றாங்க’ என்று அடுத்தவள் கையை நீட்ட வேண்டும். ஒருத்தி கொடுத்து மற்றவள் வாங்குவதற்குள் மூன்று பேருமே குருடு. அந்த நொடியில்தான் பெர்சியஸ் குண்டைத் தட்டிப் பறிக்க வேண்டும். எங்கள் பிளாட்டில் பெர்சியஸாக இருந்த பிள்ளை ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டுப் பிடிபட்டுவிடும். பத்து நிமிடம் இதிலேயே போகும், போகட்டும். மிரட்டி வழி கேட்டுத் தெரிந்துகொண்டால் மேலே போகலாம்.

மெதுசாவுக்கு எவர்சில்வர் தட்டு. நன்றாகத் துலக்கிய தட்டை முகத்துக்கு நேரே பிடித்து, அதில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டு, பின்னால் தூணில் மாட்டிய பலூனைத் தொட வேண்டும். இடது வலதாகத் தெரியும், கை எங்கோ போகும். ஏதீனாவின் கேடயத்தில் பிம்பம் பார்த்துத் தலையை வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று பேசாமலே புரிந்துவிடும். வெட்டுப்பட்ட கழுத்திலிருந்து பெகாசஸ் என்ற சிறகு முளைத்த குதிரை பாய்ந்து வரும். அந்தக் குதிரையை மறக்க விடாதீர்கள், பெல்லரபோன் கதைக்கு வேண்டும்.

மெதுசா யார் என்று இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று, இரண்டு படிக்கும் பெண்கள் கட்டாயம் கேட்பார்கள். பழைய கிரேக்கக் கவி ஹெசியோட் சொல்வதில் அவள் கோர்கன் சகோதரிகள் மூவரில் ஒருத்தி. மற்ற இருவருக்கும் சாவில்லை, இவளுக்கு மட்டும் உண்டு. பல நூற்றாண்டு கழித்து ரோமானியக் கவி ஓவிட் சொல்வதில் அவள் அழகான பெண். கடல் தெய்வம் கோயிலுக்குள்ளேயே அவளைக் கெடுக்க, தண்டனை மட்டும் அவளுக்கு வந்து, கூந்தல் பாம்பாகிவிடுகிறது. சின்னவர்களுக்கு முதலாவதும் பெரியவர்களுக்கு இரண்டாவதும் சொல்வது என் வழக்கம். இரண்டாவதைச் சொன்னால் அன்று பெர்சியஸுக்குக் கைதட்டு கிடைக்காது. சரி, கிடைக்க வேண்டாம்.

குறி பலித்ததா? பலித்தது. லரிசா ஊர் விளையாட்டுப் போட்டியில் பெர்சியஸ் வீசிய வட்டு தவறிப்போய், கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர் காலில் பட்டு அவர் இறந்தார். தாத்தா அக்ரிசியஸ். பேரன் வெட்கப்பட்டு ஆர்கோஸ் அரியணையை வேறொருவரின் தீரின்ஸுக்கு மாற்றிக்கொண்டு, மைசீனியைக் கட்டினான். இவன் ஒருவன்தான் நல்லபடியாக வாழ்ந்து முடித்தவன். அதைச் சொல்லி வையுங்கள். அடுத்து வருபவர்கள் அப்படியில்லை.

ஹெராக்கிளிஸ்: விஷத்தைப் பின்தொடருங்கள்

பன்னிரண்டு வேலைகளையும் வரிசையாகச் சொல்வதுதான் இந்தக் கதையைக் கொல்லும் வழி. நாலாவது வேலையில் பிள்ளைகள் கச்சான் பொட்டலத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். நெமியா சிங்கம், ஹைட்ரா, ஆஜியஸின் மாட்டுத் தொழுவம், பாதாளத்து நாய் செர்பரஸ் என்று நான்கை மட்டும் விரித்துச் சொல்லுங்கள். மற்றவற்றைப் பெயரோடு விடலாம்.

எதற்காக இந்த வேலைகள் என்பதை மறைக்காதீர்கள். ஹெரா பைத்தியம் பிடிக்கவைக்க, அவன் தன் பிள்ளைகளையே கொன்றுவிட்டான். ஒரே வாக்கியத்தில், விவரிக்காமல், குரலை இறக்கிச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பரிகாரமாகத்தான் டெல்பி கோயிலில் கேட்ட வாக்குப்படி, தன்னைவிடச் சொத்தையான யூரிஸ்தியஸ் அரசனுக்கு அவன் அடிமை வேலை செய்தான். இதை விட்டால் வேலைகளுக்குக் காரணமே இல்லாமல் போகும்.

அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் பழைய தொகுப்பில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. முதலில் பேசியது பத்து வேலைதான். ஹைட்ராவைக் கொல்லத் தம்பி மகன் அயோலாஸ் உதவினான், அதனால் அது செல்லாது. தொழுவத்தைக் கழுவக் கூலி பேசினான், அதனால் அதுவும் செல்லாது என்று யூரிஸ்தியஸ் இரண்டைக் கழித்துவிட்டான். அப்படித்தான் பன்னிரண்டு. இதைச் சொல்லும்போது பின்னால் நிற்கிற பெற்றோர்தான் அதிகம் சிரிப்பார்கள். ஓவர்டைம் கணக்கில் கை வைக்கும் சூப்பர்வைசரைப் பார்க்காதவர் யார்? அந்த அரசன் ஹெராக்கிளிஸுக்குப் பயந்து வெண்கலத் தாழிக்குள் ஒளிந்தவன் என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். ஹைட்ரா என்பது லெர்னா சதுப்பில் இருந்த பல தலைப் பாம்பு. ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும். அயோலாஸ் வெட்டிய இடத்தைத் தீப்பந்தத்தால் சுட்டுக்கொண்டே வந்தான், பாம்பு செத்தது. பெரும்பாலானவர்கள் இங்கே முடித்துவிடுவார்கள். முடிக்காதீர்கள். ஹெராக்கிளிஸ் அதன் வயிற்றைப் பிளந்து, பித்தத்தில் தன் அம்புகளைத் தோய்த்து எடுத்துக்கொண்டான். தாளில் லெர்னா இருக்கும் இடத்தில் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். இனி அந்தப் பச்சைக் கோடு எங்கே போகிறது என்பதுதான் கதை.

முதலில் போலஸ். பாதி மனிதன் பாதி குதிரையான நல்லவன். ஹெராக்கிளிஸுக்கு விருந்து வைத்தவன். விருந்தில் மூண்ட சண்டையில் செத்துக் கிடந்தவன் உடம்பிலிருந்து ஹெராக்கிளிஸின் அம்பு ஒன்றைப் பிடுங்கி, இத்தனூண்டு பொருளா இவ்வளவு பெரிய உடம்பைச் சாய்த்தது என்று வியந்து பார்க்கிறான். கை நழுவி அம்பு காலில் விழுகிறது. அவ்வளவுதான். அதே சண்டையில் கைரானுக்கும் அம்பு படுகிறது. அவர் வீரர்களுக்கெல்லாம் குரு, சாகாவரம் பெற்றவர். வலி தீராது, சாகவும் முடியாது. கடைசியில் வரத்தையே விட்டுக்கொடுத்துவிட்டுச் சாகிறார். இந்த இடத்தில் பிள்ளைகள் பேச்சு மூச்சில்லாமல் இருப்பார்கள். நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள்.

பிறகு ஆற்றங்கரை. நெஸ்ஸஸ் என்ற இன்னொரு குதிரை மனிதன் ஆளைச் சுமந்து அக்கரை சேர்த்துக் கூலி வாங்குபவன். ஹெராக்கிளிஸின் மனைவி டயனைராவைத் தூக்கிப் போகும்போது அவளிடம் வம்பு செய்கிறான். கரையிலிருந்து அம்பு பாய்கிறது. சாகிற நேரத்தில் அவளிடம், ‘என் இரத்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளம்மா, உன் புருஷன் மனசு மாறினால் உதவும்’ என்கிறான். அவள் நம்பிப் பத்திரப்படுத்துகிறாள். பல வருடம் கழித்து ஹெராக்கிளிஸ் இயோலே என்ற பெண்ணைச் சிறைபிடித்துக் கொண்டுவருகிறான். பயந்துபோன டயனைரா அந்த இரத்தத்தைத் தடவிய அங்கியைக் கணவனுக்குக் கொடுத்தனுப்புகிறாள். வசியம் என்று நினைத்தாள். அதில் இருந்தது ஹைட்ராவின் விஷம். உடுத்தியதும் துணி தோலோடு ஒட்டிக்கொள்கிறது. கழற்றினால் சதையும் சேர்ந்து வருகிறது. தான் வேட்டையாடிய பாம்பே, தன் அம்பின் வழியாகத் தன்னிடம் திரும்பி வந்துவிட்டது.

ஓய்ட்டா மலைமேல் சிதை அடுக்கி அவனே ஏறிப் படுத்துக்கொண்டான். தீ வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிலோக்டெட்டிஸ் வைத்தான், அதற்குப் பரிசாக வில்லும் அம்பும் அவனுக்குப் போயின. பச்சைக் கோட்டை இன்னும் நீட்டுங்கள். டிராய்க்குப் போகும் வழியில் பிலோக்டெட்டிஸைப் பாம்பு கடித்தது. புண் நாற்றமும் அலறலும் தாங்காமல் கிரேக்கர்கள் அவனை லெம்னோஸ் தீவில் தனியாக விட்டுவிட்டுப் போனார்கள். பத்து வருடம்! கப்பலில் வேலை செய்தவனாகச் சொல்கிறேன், நோயாளியைக் கரையில் இறக்கிவிட்டுக் கம்பி நீட்டுவதைவிடக் கேவலம் கடலில் கிடையாது. அந்த வில் இல்லாமல் டிராய் விழாது என்று பிறகு குறி வந்தது. கூச்சமில்லாமல் அவனிடமே திரும்பி வந்தார்கள். அவன் போய்ப் பாரிஸை எய்து கொன்றான். அக்கிலிஸைக் கொன்ற பாரிஸ்தான் அவன்.

லெர்னா சதுப்பில் தொடங்கிய கோடு டிராய் கோட்டையில் முடிகிறது. தாளைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இதை ஒரே சனிக்கிழமையில் சொல்ல முடியாது. இரண்டாக உடைத்து, டயனைரா இரத்தத்தை எடுத்து வைக்கும் இடத்தில் ‘மீதி அடுத்த வாரம்’ என்று எழுந்துவிடுங்கள்.

தீசியஸை ஃபெரியில் சொல்லுங்கள்

பட்டர்வொர்த் போகிற ஃபெரியில் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நாளில் இதை வைத்துக்கொள்ளலாம். ஏதென்ஸிலிருந்து ஏழு பையன், ஏழு பெண் கிரீட் தீவுக்கு மினோட்டாருக்கு இரையாகப் போகிறார்கள். கப்பலில் கறுப்புப் பாய். உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாய் ஏற்று என்று அப்பா ஏஜியஸ் சொல்லி அனுப்புகிறார். சிக்கல் கோட்டையில் அந்தத் தீவின் அரசன் மகள் அரியட்னி கொடுத்த நூலைப் பிடித்துத் தீசியஸ் வெளியே வருகிறான். கூட வந்த அரியட்னியை நாக்ஸோஸ் தீவில் தூங்கவிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான். பாயை மாற்ற மறந்துவிடுகிறான். கரையில் நின்று பார்த்த கிழவர் கடலில் குதித்துவிடுகிறார். அந்தக் கடலுக்கு அவர் பெயர்தான் இன்றைக்கும். ஃபெரி நடுக்கடலில் இருக்கும்போது தொடங்கி, படகுத்துறையில் நிற்கும் ஆட்கள் தெரியும் நேரத்தில் பாய் கட்டத்துக்கு வந்தால் சரியாக இருக்கும். பயணம் சின்னது, முன்கதையை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜேசனை நான் சீக்கிரம் கடந்துவிடுவேன். கதை முழுக்க கொல்கிஸ் அரசன் மகள் மெடியாதான் வேலை செய்கிறாள்: நெருப்பு மூச்சு விடும் காளைகளுக்கு மருந்து, பாம்பைத் தூங்கவைக்க மருந்து, எல்லாம் அவள். அப்புறம் அவளையே விட்டுவிட்டு இன்னொரு அரசன் மகளைக் கட்டப் பார்க்கிறான். மெடியா என்ன செய்தாள் என்பதைப் பதினைந்து வயதுக்கு மேல் சொல்லலாம். மோதும் பாறைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். கருங்கடல் வாயில், போஸ்பரஸ் நீரிணை முடியும் இடத்தில் அவை இருந்ததாகச் சொல்வார்கள். முதலில் புறாவை விட, பாறைகள் மூடி அதன் வால் இறகு மட்டும் வெட்டுப்படுகிறது. பாறைகள் விலகும்போது கப்பலை விரட்ட, பின்பக்க அலங்காரம் மட்டும் நசுங்குகிறது. துடுப்புக்காரர்களாகப் பிள்ளைகளை உட்காரவைத்து இழுக்கச் சொன்னால் பிளாட்டே அதிரும்.

டிராய்: ஓர் இரவு போதும்

டிராய்ப் போரை முழுதாகச் சொல்லக் கிளம்பாதீர்கள். அதைப் பாடிய பழங்கவி ஹோமரே சொல்லவில்லை. அவருடைய இலியட் காவியம் பத்தாவது வருடத்தின் சில வாரங்களைத்தான் பேசுகிறது. அதில் மரக்குதிரை கிடையாது, அக்கிலிஸின் சாவும் கிடையாது. குதிகாலில் மட்டும்தான் அவனைக் கொல்ல முடியும் என்ற கதையும் இல்லை; குழந்தையாக இருக்கும்போது பாதாளத்து ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்தது ரோமானியக் கவி ஸ்டேஷியஸ் காலத்தில், கி.பி. 1-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தெரிகிறது. ‘துரியோதனனுக்குத் தொடை மாதிரிதானே தாத்தா?’ என்று யாராவது கேட்பார்கள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டு, அக்கிலிஸுக்குத் தன் சாவு முன்பே தெரியும் என்பதையும் சொல்லுங்கள். நீண்ட நாள் பெயரில்லாமல் வாழ்வதா, சீக்கிரம் செத்துப் புகழோடு இருப்பதா என்று அவனுக்கு இரண்டு வழி இருந்தது.

நான் சொல்வது கடைசி இரவை மட்டும். டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்று, தேரில் கட்டி இழுத்து, பிணத்தைத் தராமல் வைத்திருக்கிறான் அக்கிலிஸ். ஹெக்டரின் அப்பா, கிழட்டு அரசன் பிரியாம் எதிரியின் பாசறைக்குள் இரவில் போய், தன் பிள்ளைகள் பலரைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, ‘உன் அப்பாவை நினைத்துப்பார்’ என்று கேட்கிறார். இருவரும் உட்கார்ந்து அழுகிறார்கள், அவரவர் ஆட்களுக்காக. பிறகு அக்கிலிஸ் உடலைக் கழுவித் துணி போர்த்திக் கொடுக்கச் சொல்கிறான், சாப்பாடு போடுகிறான், சடங்குகளுக்காக 11 நாள் போரை நிறுத்தச் சம்மதிக்கிறான். காரியம் செய்யாமல் பிணத்தை வைத்திருப்பது என்ன கொடுமை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தக் கதைக்கு விளையாட்டு, தட்டு, குண்டு எதுவும் வேண்டாம்.

அடுத்த வாரம் ஒற்றைக்கண்ணனை வைத்துச் சிரிக்கவையுங்கள். ஒடிசியஸ் தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லிவிடுகிறான். கண் போன பிறகு, ‘என்னைக் குத்தினது யாருமில்லை!’ என்று அந்த ஒற்றைக்கண்ணன் கத்த, ‘அப்ப ஏன்டா கத்துற?’ என்று அக்கம்பக்கத்து அரக்கர்கள் திரும்பிப் போகிறார்கள். தப்பித்த பிறகு கப்பலில் இருந்து சொந்தப் பெயரை உரக்கச் சொல்லித் தொலைத்ததால்தான் கடல் தெய்வத்தின் சாபம் வந்தது. இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவே உள்ள மெசினா நீரிணையில் சுழல் உண்டு, நானே டெக்கில் நின்று பார்த்திருக்கிறேன். கேரிப்டிஸ் என்ற சுழல் அரக்கி ஆளை விழுங்கியது அங்கேதான் என்று பழங்காலத்தவர்கள் சொன்னார்கள். இப்போதைய கப்பலை அது ஒன்றும் செய்யாது, சின்னப் படகுக்காரன்தான் பார்த்துப் போக வேண்டும்.

வானத்தைக் காட்ட வேண்டுமென்றால்

மழை விட்ட டிசம்பர் நடுவில், இரவு ஒன்பது மணிக்கு, பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போங்கள். கடல் வடக்கே இருப்பதால் பார்வைக்கு மறைப்பில்லை. ஹோட்டல் விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நின்றால், கடலுக்கு மேலே ஆங்கில எம் எழுத்து மாதிரி ஐந்து நட்சத்திரம்: அதுதான் கேஸியோபியா ராணி, அழகுக்குத் தற்பெருமை பேசி மகளைக் கடல் அரக்கனுக்குப் பலியாக நிறுத்தியவள். தலைக்கு மேலே பெரிய சதுரம் பெகாசஸ். சதுரத்தின் மூலையிலிருந்து வடகிழக்கே போகும் வரிசை மகள் ஆண்ட்ரோமெடா, அதற்கு அப்பால் அவளைக் காப்பாற்றிய பெர்சியஸ். அவன் கையில் உள்ள மெதுசா தலையில் அல்கோல் என்ற நட்சத்திரம், 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை மங்கும். தண்டனையாக ராணி பாதி இரவு தலைகீழாகத் தொங்குவாள் என்பது கதை. கிரேக்கத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். பினாங்கில் தலைகீழாகும் நேரத்தில் அவள் அடிவானத்துக்குக் கீழே போய்விடுகிறாள். கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள்.

‘இதெல்லாம் உண்மையா?’ என்ற கேள்வி அங்கேதான் வரும். மைசீனியும் தீரின்ஸும் உண்மை, இன்றைக்கும் நிற்கின்றன. கற்கள் அவ்வளவு பெரியவை என்பதால் ஒற்றைக்கண்ணர்கள்தான் கட்டியிருப்பார்கள் என்று கிரேக்கர்களே நம்பினார்கள். 1876-இல் ஜெர்மன்காரர் ஷ்லீமான் மைசீனியைத் தோண்டியபோது தங்க முகமூடிகள் கிடைத்தன. கோட்டை இருந்தது, தங்கம் இருந்தது, ஆள் பெயர்தான் கதை என்று சொல்லுங்கள், போதும்.

பத்தே நிமிடம்தான் கிடைத்தது, மழை வேறு, கரண்டும் போய்விட்டது என்றால் மெலியேகர். பிறந்து ஏழாம் நாள், அடுப்பில் எரியும் இந்தக் கட்டை தீரும்வரைதான் இவன் உயிர் என்று விதித் தெய்வங்கள் சொல்ல, தாய் கட்டையைப் பிடுங்கி அணைத்துப் பெட்டியில் பூட்டுகிறாள். வளர்ந்து பெரிய காட்டுப்பன்றியைக் கொன்றவன், முதல் அம்பு எய்தவள் அட்டலாண்டா என்ற வேட்டைக்காரி என்பதால் தோலை அவளுக்குக் கொடுக்கிறான். பெண்ணுக்கா கொடுப்பது என்று தாய்மாமன்கள் பிடுங்குகிறார்கள். கோபத்தில் அவர்களைக் கொன்றுவிடுகிறான். அண்ணன் தம்பியைப் பறிகொடுத்த தாய் பெட்டியைத் திறக்கிறாள். இங்கே ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, அது எரிந்து முடியும்வரை எதுவும் பேசாதீர்கள். குச்சி பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.